கன்னத்தில் வைத்த கோப்பை

அடையாற்றில் உள்ள ஒரு மண்பாண்டக் கூடத்தில் மின்சூளை அடுக்குவது அன்புச்செல்வியின் வேலை. எந்தக் கோப்பையையும் முதலில் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். சில்லென்றிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, சூட்டில் வெடிக்கும். போன மாதம் இரண்டு வெடித்தன. இன்னொன்று வெடித்தால் வேலைக்கு வர வேண்டாம் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

இன்று மதியத்துக்குள் நாற்பது கோப்பைகளைச் சூளையில் ஏற்றாவிட்டால் தி.நகர் கடையின் ஆர்டர் கைவிட்டுப் போகும். நாற்பதும் சில்லென்றுதான் இருந்தன.

"ஏத்த மாட்டேன்க்கா. ஈரம் கீது" என்றாள், கோப்பைகளை வனைந்த ஜைதூன் பீயிடம்.

"ஆறு நாளா ஃபேனுக்கு அடியில கீது. வெளுத்துப் போய்க் கெடக்குது. இன்னாடி ஈரம்?"

ஜைதூன் பீ ஒன்றை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்தாள். துளியும் குளிரவில்லை. பிறகு செல்வியின் கழுத்தில் கை வைத்தாள்.

"அடிப்பாவி, நெருப்பா கொதிக்கிற. ஜுரத்துல எதத் தொட்டாலும் சில்லுன்னுதான் இருக்கும். கரண்டே வேணாம், உன்ன வச்சே சூள போட்டுடலாம்."

செல்வி ஸ்டூலில் உட்கார்ந்தாள். வேறு வழியில்லை. ஜைதூன் பீயின் கன்னத்தை நம்பி நாற்பதையும் அடுக்கச் சொன்னாள்.

மறுநாள் மாலை, வீட்டில் படுத்திருந்தவளுக்கு போன் வந்தது.

"கேளுடி" என்றாள் ஜைதூன் பீ. சூளையிலிருந்து எடுத்த கோப்பைகளை ஒவ்வொன்றாகப் போனருகே வைத்து விரலால் சுண்டினாள். நேற்றுவரை தட்டினால் தொப்பென்று ஒலித்த மண், இப்போது சுண்டச் சுண்டக் கணீரென்றது. செல்வி நாற்பதையும் கேட்டுவிட்டுத்தான் மாத்திரை போட்டாள்.