மேலே ஏறிய ஒன்பது பேர்

தீ விபத்து ஒத்திகை முடியப் பதினோரு நிமிடம் ஆனது. அவருடைய அறிக்கையில் நான்கு என்று இருந்தது.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு மருத்துவமனையில் அபாய மணி அடித்தார்கள். நான்கு மாடிக் கட்டடம். பின்பக்கப் படிக்கட்டு பூட்டியிருந்தது. அதை இடித்துவிட்டு அந்த இடத்தில் ஸ்கேன் அறை கட்டப்போகிறார்கள். தீப்பிடித்தால் வெளியேற முன்பக்கப் படிக்கட்டு ஒன்றே போதும் என்று அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர் அவர். அதன் பேரில்தான் இடிக்க அனுமதி கிடைத்தது. திங்கட்கிழமை கொத்தனார்கள் வருகிறார்கள்.

நிர்வாகி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“என்ன சார், உங்க புள்ளிங்க எல்லாம் ஓட்டப்பந்தயத்துல ஜெயிச்சவங்களா? எங்க ஆளுங்க ஆடி அசைஞ்சுதான் வர்றாங்க.”

“வீடியோ வேணும்.”

“எடுத்துக்கோங்க. ஒத்திகைதானேன்னு யாரும் பெருசா எடுத்துக்கலன்னு ஒரு கடிதம் குடுத்துடுங்க. வேலை நிக்கக் கூடாது.”

மருத்துவமனையில் அறிக்கை எழுதியவருக்குப் புள்ளி சார் என்று பெயர். கணினியில் கட்டடத்தின் வரைபடம், அதற்குள் முந்நூற்றுப் பத்துப் புள்ளிகள். ஒரு புள்ளி ஓர் ஆள். ஒவ்வொன்றுக்கும் சில விதிகள் உண்டு. பக்கத்தில் இருப்பவரை இடிக்காதே. அருகிலுள்ள வாசலுக்குப் போ. கூட்டம் போகும் பக்கம் போ. அவ்வளவுதான். ஓடவிட்டால் நெரிசல் எங்கே வரும் என்று புள்ளிகளே காட்டிக் கொடுக்கும். இந்த நிரலை முதலில் மீன் கூட்டத்துக்காக எழுதினார். பிறகு ஒரு சாலைச் சந்திப்பின் வண்டிகளுக்கு மாற்றினார். இரண்டும் சரியாக வந்தன. மூன்றாவது, மருத்துவமனை.

வீட்டில் வீடியோவைப் போட்டார். இரண்டாவது நிமிடத்தில் ஒருவர் மருந்துப் பையோடு கூட்டத்துக்கு எதிராகப் படியேறினார். அவருக்கு வழிவிட ஒரு வரிசையே நின்றது. பிறகு ஒரு பெண். மொத்தம் ஒன்பது பேர். மூன்று முறை எண்ணினார்.

மறுநாள் மூன்றாம் மாடியின் தலைமைச் செவிலியிடம் காட்டினார்.

“இவங்க ஏன் மேல போறாங்க?”

“இவரா? மருந்து வாங்கக் கீழ போயிருந்தாரு. சம்சாரம் இங்க படுத்திருக்கு. இந்தப் பொண்ணு தங்கச்சியத் தேடிப் போகுது. இது நம்ம லிஃப்ட்காரர். அவங்க அத்தைக்கு முந்தாநாள்தான் ஆபரேஷன்.”

“ஒத்திகைன்னு எல்லாருக்கும் தெரியுமே.”

“தெரிஞ்சா கால் நிக்குமா சார்?” செவிலி திரையை இன்னும் கிட்டத்தில் பார்த்தார். “உங்க புள்ளிக்கு அப்பா அம்மா கிடையாதா?”

“கிடையாது.”

“அண்ணன் தம்பி?”

“இல்ல.”

“பாவம். அதான் நாலு நிமிஷத்துல வெளிய வந்துடுச்சுங்க.” சிரித்தார். “நீங்களா இருந்தா யாரத் தேடி ஓடுவீங்க?”

“நான் எந்த மாடில இருக்கேன்?”

“எந்த மாடியா இருந்தா என்ன சார்?”

அவர் மடிக்கணினியை மூடினார்.

விதிகளை எழுதிய நாள் நினைவிருந்தது. மணி அடித்தால் என்ன செய்வேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டார். வாசலுக்குப் போவேன். அதையே முந்நூற்றுப் பத்துப் பேருக்கும் எழுதினார்.

வெள்ளிக்கிழமை ஒரு விதி சேர்த்தார். பெரும்பாலான புள்ளிகளுக்குத் தேடவேண்டிய ஓர் ஆள். அவர் கிடைக்கும்வரை புள்ளி வாசலுக்குப் போகாது. இருநூறு முறை ஓடவிட்டார். ஒரு படிக்கட்டு என்றால் பத்திலிருந்து பன்னிரண்டு நிமிடம். இரண்டு என்றால் ஐந்தரை. தேட ஆளில்லாத புள்ளிகளும் சில இருந்தன. அவை யாருக்கும் இடைஞ்சல் செய்யாமல் முதலில் வெளியே வந்து, தனித்தனியாக நின்றன.

சனிக்கிழமை நிர்வாகியிடம் கடிதத்தைக் கொடுத்தார். நிர்வாகி படித்தார்.

“நான் கேட்ட கடிதம் இது இல்லையே.”

“அறிக்கை தப்பு. நான் பண்ண தப்பு. படிக்கட்ட இடிக்கக் கூடாது.”

“ஒம்பது பேருக்காகவா?”

“ஒம்பது பேர் ஏறினா முந்நூறு பேர் நிக்கிறாங்க. புகையில.”

“இதுல கையெழுத்துப் போட்டா நம்ம மத்த ரெண்டு கட்டடத்தோட வேலையும் உங்களுக்கு வராது. யோசிச்சீங்களா? உங்ககிட்ட வேற வேலை இருக்கா?”

“இல்ல.”

கையெழுத்துப் போட்டார். நிர்வாகி அவரைப் பார்க்காமல் தொலைபேசியை எடுத்து, “மேஸ்திரி, திங்கக்கிழமை வர வேண்டாம்” என்றார்.

பேருந்து நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. செல்பேசியில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனார். பெரும்பாலும் அலுவலகங்கள். அக்காவை அழைத்தார்.

“என்னடா, யாருக்கு என்ன?”

“யாருக்கும் ஒண்ணும் இல்லக்கா. ஒரு படிக்கட்டு...”

“விழுந்துட்டியா?”

“இல்ல. இடிக்க இருந்தாங்க. வேண்டாம்னு எழுதிக் குடுத்தேன்.”

“சரி.” ஏதோ பாத்திரச் சத்தம் கேட்டது. “யாரோட வீட்டுப் படிக்கட்டு?”

அவர் யோசித்தார்.

“நமக்குத் தெரிஞ்சவங்களது இல்லக்கா.”

“அப்புறம் உனக்கென்னடா? இரு, பால் பொங்குது, கூப்பிடுறேன்.”

பேருந்து வந்தது. செல்பேசியைக் கையில் வைத்துக்கொண்டே ஏறினார்.