மூழ்கிய நகரமும் ஒரு குவளைத் தண்ணீரும்

எங்கள் படகின் அடிப்பக்கம் கண்ணாடி. கீழே தெரியும் பாறைகளைக் காட்டி, "அதோ கோட்டை, இதோ ராணி குளிச்ச குளம்" என்று பதினொரு வருஷமாக அளந்துகொண்டிருக்கிறேன். ஓட்டுவது என் வீட்டுக்காரர். அவருக்கு வாயே கிடையாது. எனக்கு வாயைத் தவிர வேறெதுவும் கிடையாது.

கடலில் மூழ்கிப்போன நகரத்தின் கதை அது. "கடல் வந்துச்சு!" என்று நான் கத்தியதும் வீட்டுக்காரர் பின்னாலிருந்து ஒரு குவளைத் தண்ணீரைத் தரையில் ஊற்றுவார். கால் நனைந்ததும் எல்லாரும் அலறிவிட்டுச் சிரிப்பார்கள். "ஆணவம் அழிச்சிடும், ஞாபகம் வெச்சுக்குங்க" என்று முடிப்பேன். ஒரே கைதட்டல்.

அன்று பயணிகளோடு அனுமதி அதிகாரியும் ஏறினார். அவர் முத்திரை குத்தினால்தான் இந்த சீசனுக்குப் படகு ஓடும். இல்லையென்றால் எங்கள் பிழைப்பு அம்போதான்.

புறப்படும்போது வீட்டுக்காரர் என் காதருகே வந்தார். "கண்ணாடியச் சுத்தியிருக்கற ரப்பர் விட்டிருக்கு. இன்னிக்கு வேணாமே."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நல்ல நேரம் பாத்தீங்க போங்க! அவரு ஏறி உக்காந்தாச்சு. நாளைக்குப் பாத்துக்கலாம், எடுங்க."

எடுத்தார். நான் அவிழ்த்துவிட ஆரம்பித்தேன். தங்கக் கூரை, முத்துத் தோரணம், ராஜா மகளின் கல்யாணம். கடல் சுவரில் கசிவு என்று காவல்காரன் மூச்சிரைக்க ஓடி வரும் இடத்தில் எல்லார் காலும் நனைந்தது. அதற்குள் ஊற்றிவிட்டாரே இந்த மனுஷன்! முறைக்கத் திரும்பினேன். குவளை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, காய்ந்துபோய்.

பயணிகளோ செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். இப்படியே பேசிச் சமாளித்துக் கரை சேர்ந்துவிட்டால் முத்திரை விழுந்துவிடும். நான் கதையைத் தொடர்ந்தேன்.

"ராஜா என்ன சொன்னான் தெரியுமா? இன்னிக்குக் கல்யாணம், நாளைக்குப்..."

புறப்படும்போது நான் சொன்ன அதே 'நாளைக்கு' என் காதிலேயே விழுந்தது.

"திருப்புங்க! இது கதை இல்லீங்க, நிஜத் தண்ணி!"

கைதட்டல் இன்னும் பலமாக எழுந்தது. "பிரமாதம்மா!" என்றார் அதிகாரி. அட கடவுளே! குவளையைப் பிடுங்கி அவர் கையிலேயே திணித்தேன். "சார், மொண்டு வெளிய ஊத்துங்க!" கண்ணாடி ஓரத்தில் தண்ணீர் கொப்பளிப்பதைப் பார்த்ததும் அவர் சிரிப்பு அடங்கியது. குனிந்து மொள்ள ஆரம்பித்தார். வீட்டுக்காரர் ஏற்கெனவே படகைத் திருப்பியிருந்தார்.

கரையில் எல்லாரும் பத்திரமாக இறங்கினார்கள். அதிகாரி முழங்கால்வரை நனைந்த பேன்ட்டோடு தாளை எடுத்தார். "ரப்பர் விட்டது முன்னாடியே தெரியுமா?"

வாயில்லா மனுஷன் அன்றைக்குப் பார்த்து வாயைத் திறந்தார். "என் தப்புதான் சார். நான்தான் கவனிக்காம..."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவரைத் தள்ளிவிட்டு முன்னால் போய் நின்றேன்.

"அவர் கெளம்பும்போதே சொன்னார் சார். அவர்தான் காவல்காரன். அந்த ராஜா நான்தான். எழுதிக்குங்க."