துணைத்தேற்றம் ??

1

இந்தக் கதைக்குக் காரணம் என் அக்காவின் வலது கையில் இருக்கும் மாவுக்கட்டு. போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். அவளுடைய கணித ஆய்வேட்டை நாளை மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். கையெழுத்துத் தாள்களை லேடெக் என்ற கணினி மென்பொருளில் அடித்துத் தர வீட்டில் சும்மா இருந்தவன் நான்தான். (கதை எழுதுகிறவனை எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள்.)

2

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: ‘கணினித் திரையின் வெளிச்சத்தில் அவள் முகம் ஒரு...’ வேண்டாம். அவள் முகம் கடுகடுவென்று இருந்தது.

காரணம் நான். லேடெக்கில் இது தலைப்பு, இது பின்னம் என்று கட்டளையாக எழுதி, பிறகு ஓட்டினால்தான் பக்கம் வரும். ஓர் அடைப்புக்குறியை மூட மறந்தேன். அதற்கப்புறம் வந்த பக்கமெல்லாம் சாய்ந்த எழுத்து.

“என்னடா, மொத்தமும் தூங்கி வழியுது?” என்றாள் அக்கா.

3

இதில் ஒரு வசதி உண்டு. தேற்றங்களுக்கும் அவற்றைத் தாங்கும் சின்னத் துணைத்தேற்றங்களுக்கும் நாம் எண் போட வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்துவிட்டால், அந்தப் பெயரைச் சொல்லும் இடத்தில் எண் தானாக வந்து உட்காரும். முதல் முறை ஓட்டும்போது ?? என்று நிற்கும், இரண்டாம் முறை சரியாகிவிடும். (என் கதைகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.)

கடைசி அத்தியாயத்தில் ஒன்று மட்டும் அடம்பிடித்தது: ‘துணைத்தேற்றம் ??-இன்படி இது தெளிவு.’ எத்தனை முறை ஓட்டினாலும் அதே கேள்விக்குறிகள். என் தப்புதான் என்று தாள்களைப் புரட்டினேன். அக்கா அங்கே எண்ணுக்கு இடம் விட்டிருந்தாள். அந்தத் துணைத்தேற்றம் எந்தத் தாளிலும் இல்லை.

4

சொன்னேன். அக்கா அந்தத் தாளை இடது கையால் வாங்கிப் பார்த்தாள்.

“அப்புறம் எழுதிக்கலாம்னு விட்டது. அது உண்மைடா, எனக்குத் தெரியும். நிரூபிக்கத்தான் வரல.”

“இப்ப என்னக்கா பண்றது?”

“ஏழுன்னு கையால அடிச்சுடு. அவ்வளவு தூரம் யாரு படிக்கப்போறா?”

அடித்தேன். பக்கம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல வந்தது. அவளுடைய இத்தனை வருட உழைப்பும் இல்லாத ஒன்றின் மேல் நின்றது.

5

முடிவு அ: அப்படியே அனுப்பினாள். பட்டம் கிடைத்தது. அந்தப் பக்கத்தை மட்டும் அவள் திருப்பிப் பார்ப்பதேயில்லை.

முடிவு ஆ: இடது கையாலேயே நிரூபித்து முடித்தாள், அரங்கமே எழுந்து... (எழுதும்போதே கை கூசியது.)

இதுவரை எழுதியதை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். ஆ-வைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தாள். அ-வுக்குச் சிரிக்கவில்லை.

“நீ அடிச்ச நம்பரை எடுத்துடு” என்றாள். “கேள்விக்குறியே இருக்கட்டும். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்குல்ல?”

எடுத்துவிட்டேன். இப்போது எதிரே உட்கார்ந்து இடது கையால் எழுதிக்கொண்டிருக்கிறாள். எழுத்துகள் கோணல்மாணலாக இருக்கின்றன. பென்சில் நிற்கிறது, அடிக்கிறது, மறுபடி நகர்கிறது. அவளைப் பார்த்துக்கொண்டு இதற்குமேல் கதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

முடிவு பகுதி ??-இல் இருக்கிறது. நீங்கள் ஒருமுறைதான் ஓட்டியிருக்கிறீர்கள். இன்னொருமுறை ஓட்டிப் பாருங்கள். எண் வந்தால், முதலில் அக்காவிடம் சொல்லுங்கள்.