சரி என்ற சொல்லுக்கு வளர்ந்த ஆஸ்பத்திரி

அந்தமானில் பாராடாங் படகுத்துறைக்கு மேலே மேட்டில் நிற்கும் ஆஸ்பத்திரி, அதைக் கட்டிய காண்டிராக்டர் பக்கிரிசாமி 'சரி' என்று சொன்னபோதெல்லாம் ஓர் அறை வளர்ந்தது. ஊரில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அறுபத்து மூன்றாம் வருஷம் அது. சிமெண்டுக் கப்பலுக்காக மாதக்கணக்கில் காத்துக் கிடந்த காலம். சிமெண்டும் இல்லாமல் கூலியும் இல்லாமல் ஓர் அறை தானாக வந்தால் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

போர்ட் பிளேரில் எஞ்சினியர் சிவஞானம் போட்டுக் கொடுத்த வரைபடத்தில் இரண்டே அறைகள்தான் இருந்தன. முன்னால் மருந்து கொடுக்கும் அறை, அதை ஒட்டிப் பின்னால் பிரசவ அறை. அதுவரை வலி கண்ட பெண்களை டிங்கிப் படகில் ஏற்றிப் போர்ட் பிளேருக்குத்தான் கொண்டுபோக வேண்டும். பக்கிரிசாமியின் மனைவி மீனாம்பாள் தலைப்பிள்ளையை அப்படிப் போகிற வழியில்தான் பறிகொடுத்தாள். இப்போது மறுபடியும் முழுகாமல் இருந்தாள். மழைக்கு முன்னால் அந்தப் பின்னறை முடிந்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவள் புருஷனிடம் வேறெதுவும் கேட்கவில்லை.

வரைபடத்தைச் சுருட்டிக் கொடுக்கும்போதே சிவஞானம் ஒன்று சொல்லியிருந்தார். "எதையாவது மாத்தணும்னா எழுதிப் படகுல அனுப்புங்க. எத்தனை மரம் கூட ஆகும், வேலை எவ்வளவு தள்ளிப்போகும்னு பாத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்புறேன். அதுவரைக்கும் வாயால யாருக்கும் ஒத்துக்காதீங்க."

"ஒரு ஜன்னலுக்குப் போர்ட் பிளேருக்குக் கடுதாசியா சார்?" என்று பக்கிரிசாமி சிரித்தார்.

அவர் மேல் முழுக்கக் குற்றம் சொல்வதற்கில்லை. கப்பல் வராத மாதங்களில் ஒருவர் வீட்டு அரிசியை இன்னொருவர் தின்று பிழைத்த ஊர் அது. காடு வெட்டும்போது தன் மேல் விழ இருந்த மரத்தைத் தோள் கொடுத்துத் தள்ளியவனிடம், வரைபடத்தில் இல்லை என்று எப்படிச் சொல்வது? முதலில் வந்தவர் வங்காளி மண்டல். "மழையில நெல்லு பூரா கராப் ஆயிடுது பாபு. ஏக் சோட்டா கம்ரா, பஸ்!" என்று ஒரு சின்ன அறை கேட்டார். டீக் ஹை, சரி என்றார் பக்கிரிசாமி. ஆட்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் நெல்லுக்கு ஓர் அறை சுண்ணாம்பு வாசனையோடு நின்றது. ஆனால் அது மருந்து அறைக்கும் பிரசவ அறைக்கும் நடுவில் முளைத்திருந்தது. பிரசவ அறை ஓர் அறை தள்ளிப் பின்னால் போயிருந்தது. அளந்து அறுத்து வைத்திருந்த படாக் மர உத்தரங்கள் எட்டவில்லை.

பிறகு மரம் அறுப்பவர்கள் ரம்பம் வைக்க இடம் கேட்டார்கள். பஜனைக்காரர்கள் சாமி படத்துக்குக் கேட்டார்கள். சுற்றிப் பார்க்க வந்த அதிகாரி ஒருவர் தங்குவதற்கு அறையும் அதை ஒட்டிக் குளியலறையும் கேட்டார். பக்கிரிசாமி எல்லாருக்கும் சரி சொன்னார். தச்சர்கள் கூரையைத் துரத்திக்கொண்டே இருந்தார்கள். "நான் போட்டது ரெண்டு ரூம். அங்க என்னத்தைக் கட்டுறீங்க?" என்று சிவஞானம் படகுக்காரரிடம் சொல்லி அனுப்பினார். "நான் எங்கே கட்டுறேன், அதுவா வருது" என்று பதில் போயிற்று.

"ஊருக்கெல்லாம் சரி சொல்ற வாய் எனக்கு மட்டும் பொறு பொறுங்குது" என்றாள் மீனாம்பாள்.

"உன் ரூம் எங்கயும் போயிடல. பின்னாடிதான் இருக்கு."

"பின்னாடின்னா எவ்வளவு பின்னாடி? சொல்லுங்களேன் பாப்போம்."

மழை பிடித்த ஒரு பிற்பகலில் அவளுக்கு வலி கண்டது. யாருக்கும் காத்திராமல், சுவரைப் பிடித்துக்கொண்டு, நெல்லையும் ரம்பத்தையும் சாமி படங்களையும் கடந்து தானே உள்ளே நடந்துபோய்ப் படுத்துக்கொண்டாள். மருத்துவச்சி அன்னம்மாள் வெந்நீர் கொண்டுவரப் போனாள். அந்த நேரம் பார்த்து வாசலில் ரேஷன் கடைக்காரர், சர்க்கரை மூட்டை நனைகிறது, ஓரமாக இடம் கொடுங்கள் என்று நச்சரித்தார். உள்ளேயிருந்து வந்த முனகலில் காதை வைத்திருந்த பக்கிரிசாமி, ஆளை வாயடைக்க, "சரிய்யா, எல்லாம் சரி, போய்யா" என்றார்.

அன்னம்மாள் வெந்நீர்ப் பானையோடு உள்ளே போனாள். நீர் ஆறிய பிறகு அதே பானையோடு வெளியே வந்தாள். "போகப் போக ரூம்தான் வருது. சத்தம் கேக்குது, ஆளைக் காணோம்" என்றாள். விளக்கு வைக்கும் நேரத்தில் குழந்தை அழும் குரல் கேட்டது. அதற்குப் பின் மீனாம்பாளின் குரல் வந்தது: "பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். நீங்க வாயை மூடிக்கிட்டு உள்ளே வாங்க."

அவர் போனார். வாரக்கணக்கில் போய்ப் போய்த் திரும்பினார், குரல்தான் கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. சிவஞானம் நாடாவோடு வந்து அளந்து, ஒரு சுவரை இடிக்கச் சொன்னார். அதற்குப் பின்னால் இன்னொரு அறை இருந்தது, அதன் சுவரில் சுண்ணாம்பு காயவில்லை. "முன்னாடியே ஒரு வரி எழுதியிருக்கலாமே பக்கிரிசாமி" என்றார். வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அடுத்த படகில் திரும்பினார்.

அதன் பிறகு பக்கிரிசாமி எந்தக் காண்டிராக்டும் எடுக்கவில்லை. எட்டிய மட்டும் உள்ளே போய்ச் சோற்றை வைத்துவிட்டு வருவார், மறுநாள் பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருக்கும். பிள்ளைக்கு ஜெயலட்சுமி என்று வாசலில் நின்று பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள். பள்ளி வயது வந்ததும் வாத்தியார் நெல் அறையில் நின்று வாய்ப்பாட்டை உரக்கச் சொல்வார், பதில் தெளிவாகத் திரும்பி வரும். எழுபத்தொன்றில் ஜனத்தொகைக்காரர் குரலைக் கேட்டு இரண்டு பேரையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

பெரிய மனுஷியான வருஷம் அவள் முதல்முறையாக ஒன்று கேட்டாள். "அப்பா, இங்கே ஒரே ஒரு ஜன்னல் வேணும்ப்பா. கடல் சத்தம் கேக்குது, பாக்க முடியல."

சரி என்றால் ஜன்னல் வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். அதோடு ஓர் அறையும் வரும், மகள் இன்னும் ஓர் அறை தள்ளிப் போவாள். இப்போதே குரல் மெலிந்துதான் கேட்கிறது. யாருக்கும் இல்லை என்று சொல்லிப் பழகாத மனிதர், கதவு நிலையை இறுகப் பிடித்துக்கொண்டு, "வேணாம்மா" என்றார்.

பிறகு, "அப்போ கடல் இன்னிக்கு எப்படி இருக்குன்னாவது வந்து சொல்லுங்க" என்றாள்.

அவர் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். அன்றிலிருந்து காலையில் அதுதான் அவருக்கு வேலை. மருந்துக்கு வரிசையில் நிற்பவர்கள், கடலைப் பார்த்துவிட்டு வரும் கிழவருக்கு ஒதுங்கி வழிவிடுவார்கள்.