இரண்டு பச்சைப் பொத்தான்கள்

தகடு அழுத்தும் மெஷினில் மச்சானுக்கு வேலை கிடைத்தபோது அக்கா பயந்தாள். அதே தொழிற்சாலையில் நான் மெக்கானிக். சாப்பாட்டு மேஜையில் இரண்டு டம்ளர்களைத் தள்ளி வைத்து விளக்கினேன்.

"இது ரெண்டும் பொத்தான். ரெண்டையும் சேர்த்து அமுக்கினாத்தான் மேல இருக்கற இரும்பு இறங்கும். ரெண்டு கையும் இங்க இருந்தா, எந்தக் கை உள்ள போகும்?"

"மூணாவது கை," என்றார் மச்சான். அக்கா சிரித்துவிட்டாள்.

ஒரு ஷிஃப்டுக்கு அறுநூறு தகடு என்பது எண்ணூறானது. மச்சானுக்குத் தூக்கம் போனது. சோற்றைப் பிசையும்போதே கண் செருகியது. அவரைப் போலப் பலர் இருந்ததால், மன அழுத்தத்தைச் சமாளிக்க ஒரு மணி நேர வகுப்பு வைத்தார்கள். நாலு எண்ணி மூச்சை இழுக்கச் சொன்னார் வகுப்பெடுத்தவர்.

"எண்ணூறு எண்ணவே மூச்சு இல்ல மாப்ளே," என்று மச்சான் என் காதில் சொன்னார்.

வகுப்பு போக மீதி நேரத்திலும் அதே எண்ணூறுதான். சூப்பர்வைசரிடம் கேட்டேன்.

"உங்க நல்லதுக்குத்தானே வகுப்பு? அதையும் கணக்குல கழிக்கச் சொல்றியா?"

அன்று மூன்று மணிக்கு நூற்றைம்பது தகடு பாக்கி; நாலு மணிக்கு ஷிஃப்ட் முடியும். புது மெஷின் என்றால், ஒவ்வொரு தடவையும் இரண்டு பொத்தானையும் விட்டு எடுத்தால்தான் மறுபடி இறங்கும். எங்களுடையது பழசு. ஒரு பொத்தான் அமுங்கியே கிடந்தாலும் கண்டுகொள்ளாது. இடது பொத்தானில் ஒரு ரப்பர் துண்டைச் செருகினேன்.

"இப்ப வலது கை போதும் மச்சான். இடது கையால தகட்ட மாத்துங்க."

"கில்லாடிடா நீ."

நாற்பது நிமிடம் ஓடியது. களைத்த உடம்பில் ஒரு கை இன்னொரு கைக்காகக் காத்திருக்காது. இடது கை வெளியே வருமுன் வலது கை அமுக்கிவிட்டது.

ஆட்கள் ஓடி வருவதற்குள் ரப்பரை உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அறிக்கையில் எழுதினார்கள்: 'மெஷினில் கோளாறு இல்லை. தொழிலாளியின் கவனக்குறைவு. மன அழுத்தப் பயிற்சி அன்றே அளிக்கப்பட்டது.' மெக்கானிக் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு கையும் வெளியதான் இருக்கும்னு நீதானேடா சொன்ன? அப்புறம் எப்படி?"

ரப்பர் துண்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். அது எப்படி வேலை செய்யும் என்று விளக்க ஆரம்பித்தேன்.