கடைசிச் சரிபார்ப்பு

போர்வையை மாமனாரின் மார்புவரை இழுத்துவிடுவதா, முகம்வரை இழுத்துவிடுவதா என்று மருமகள் யோசித்துக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது.

அவர் போய் முக்கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது. காலையில் டீயைக் குடித்து, சர்க்கரை போதவில்லை என்று குறை சொல்லி, பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "கொஞ்சம் சாயறேன்" என்று சாய்ந்தவர்தான். தெருமுனை கிளினிக் டாக்டர் மூன்று மாடி ஏறி வந்து, கையைப் பிடித்துப் பார்த்து, கண்ணில் விளக்கடித்துப் பார்த்து, "போயிட்டாரும்மா. ஒரு கஷ்டமும் இல்லாம போயிருக்காரு" என்றார். சான்றிதழ் எழுதி வாங்க அவர் பின்னாலேயே அவள் புருஷன் இறங்கிப் போயிருந்தான். வீட்டில் மிச்சம் இருந்தது அவளும் நாத்தனாரும்தான்.

நாத்தனார், அவள் புருஷனுக்கு அக்கா. சினிமா தியேட்டரில் டிக்கெட் கொடுக்கிற வேலை. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கத்திக் கத்தியே தொண்டை பெரிதாகிவிட்டது. முதல் ஒப்பாரிக்கு வாயைத் திறந்த நேரத்தில்தான் மணி அடித்தது. திறந்த வாயோடு போய்க் கதவுத் துளையில் கண்ணை வைத்தவள், அதே வாயோடு திரும்பினாள்.

"போச்சுடி. அறக்கட்டளை மேடம்."

மருமகளுக்கு அப்போதுதான் தேதி ஞாபகம் வந்தது. அடுப்படிச் சுவரில் தொங்கிய நாள்காட்டியில் மாமனாரே சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தார். இன்று கடைசிச் சரிபார்ப்பு.

சொந்த வீடே பார்க்காத குடும்பங்களுக்குக் கைகொடுத்து வீடு வாங்க வைக்கும் அறக்கட்டளை அது. சும்மா கொடுத்துவிட மாட்டார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று ஒன்பது சனிக்கிழமை வகுப்புக்குப் போக வேண்டும். கட்டுகிற இடத்தில் போய்ச் செங்கல் எடுத்துக் கொடுக்க வேண்டும். குடும்பத்தில் எத்தனை தலையோ அதற்குத் தகுந்த வீடு: நாலு பேர் என்றால் இரண்டு அறை, மூன்று பேர் என்றால் ஒரு அறை. கடைசியில் ஒரு நாள் வீட்டுக்கே வந்து, விண்ணப்பத்தில் எழுதிய எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்களா என்று பார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார்கள். அதற்கப்புறம்தான் சாவி.

மருமகளுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. சனிக்கிழமையில் லீவு கிடையாது. புருஷன் பஸ் டிப்போவில் டயர் மாற்றுகிறவன். அவனுக்கு எந்தக் கிழமையும் லீவு கிடையாது. ஒன்பது வகுப்புக்கும் போனது மாமனார்தான். முப்பத்தொரு வருஷம் ஓர் ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர், மறுபடியும் போக ஓர் இடம் கிடைத்த சந்தோஷத்தில் சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு கிளம்பிவிடுவார். திரும்பி வந்து, குழாய் வாஷரைப் பற்றி மருமகளுக்குப் பாடம் எடுப்பார். "எனக்குத் தெரியும் மாமா" என்பாள் அவள். "தெரிஞ்சா ஏன் ஒழுகுது?" என்பார் அவர். அன்றைக்குச் சண்டை அதுதான்.

மணி மறுபடியும் அடித்தது.

"அண்ணி, திறங்க. நடந்ததைச் சொல்லிடலாம்," என்றாள் மருமகள்.

"என்னத்தைச் சொல்லுவே? நாலு பேருன்னு எழுதியிருக்கு. இப்ப மூணு. ஒரு ரூம்தான்னு சொல்லிட்டா? நாற்பத்தெட்டு வயசுல நான் இன்னும் ஹால்லயே படுத்துக்கிட்டு, உன் புருஷன் குறட்டையைக் கேட்டுக்கிட்டு…" நாத்தனார் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "நீ ஒண்ணும் பேசாதே. நான் பாத்துக்கறேன்."

கதவு திறந்தது. மருமகளின் கை தானாகவே போர்வையை மார்போடு நிறுத்தி, மேல் ஓரத்தை நாலு விரல் அகலத்துக்கு மடித்துவிட்டது. சலவைக்கூடத்தில், உயிரோடு இருக்கிறவர்களுக்குப் போடுகிற மடிப்பு.

மேடம் மூச்சிரைக்க நின்றாள். முப்பது வயதிருக்கும். தோளில் ஒரு பெரிய பை, கையில் கோப்பு. கட்டிலைப் பார்த்ததும் பேசவந்ததை விழுங்கிவிட்டு, செருப்பைக் கையால் கழற்றிச் சத்தமில்லாமல் வைத்தாள்.

"ஐயா தூங்குறாரா?" என்று கிசுகிசுத்தாள்.

"ஆமா. இப்பதான் அசந்தாரு," என்றாள் நாத்தனார், தியேட்டர் முழுக்கக் கேட்கும் குரலில்.

"மெதுவா பேசுங்க, எழுந்துடப் போறாரு."

"எழுந்திருக்க மாட்டாரு," என்றாள் நாத்தனார். அதை நினைத்ததும் அவள் உதடு கோணிக்கொண்டது. சட்டென்று திரும்பி அடுப்படிக்குள் ஓடினாள். உள்ளே ஒரு பாத்திரம் விழுந்தது, வேண்டுமென்றே இன்னொன்றும்.

மேடம் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கோப்பைத் திறந்தாள். மருமகள் கையெழுத்துப் போட்டாள். நாத்தனார் கூப்பிட்ட குரலுக்கு வந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே போட்டாள்.

"ஜலதோஷமா?"

"ரொம்ப."

"ஐயா கையெழுத்து ஒண்ணு வேணுமே. பரவாயில்லை, எழுப்ப வேண்டாம். அவரா எழுந்திருக்கட்டும். எனக்கு இன்னிக்கு வேற வீடு இல்லை."

மருமகளும் நாத்தனாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த நேரம் பார்த்துப் புருஷன் படியேறி வந்தான். கையில் மடித்த காகிதம். வாசலில் கிடந்த புதுச் செருப்பை அவன் கவனிக்கவில்லை. "வண்டி சொல்லிட்டேன்க்கா," என்றபடியே நுழைந்தான். "அரை மணி நேரத்துல வந்துடும். ஸ்ட்ரெச்சர் அவங்களே கொண்டு…"

"அப்பாவுக்கு முட்டி வலி," என்று இடைமறித்தாள் நாத்தனார். "டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறோம்."

"முட்டியா?" என்றான் புருஷன். அக்காவின் கண்ணைப் பார்த்தான், பெண்டாட்டியின் கண்ணைப் பார்த்தான், கோப்போடு உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தான். டயரைத் தவிர எதுவும் அவனுக்குச் சட்டென்று புரிந்ததில்லை. ஆனாலும் அன்றைக்குப் புரிந்துகொண்டு, "ஆமா, முட்டி" என்று சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். நாத்தனார் மறுபடியும் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

"பாவம். வகுப்புல கூட ஒரு நாள் வலின்னு சொன்னதில்லையே," என்றாள் மேடம். அவருடைய முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள். "உங்க வீட்டுல சொன்னாரான்னு தெரியல. முதல் வகுப்புல எல்லாரையும் கேட்டோம், எதுக்காக உங்களுக்கு ஒரு வீடு வேணும்னு. ஒருத்தர் பிள்ளைங்க படிக்கன்னாரு, ஒருத்தர் நாய் வளர்க்கன்னாரு. ஐயா எழுந்து நின்னு, 'எங்க மருமக கதவை ஓங்கிச் சாத்தறதுக்கு'ன்னாரு."

மருமகள் நிமிர்ந்தாள்.

"எல்லாரும் சிரிச்சுட்டாங்க. அவரு சிரிக்கல. 'அந்தப் பொண்ணுக்குக் கோவம் வரும்மா, நானும் வரவழைப்பேன். ஆனா கீழ வீட்டுக்காரன் சத்தம் போடுவான்னு கதவைப் பூப்போல சாத்துவா. பன்னெண்டு வருஷமா பாத்துட்டேன். ஒரு தடவையாவது அவ படார்னு சாத்தணும், நான் உள்ள இருந்து கேக்கணும்' அப்படின்னாரு."

அடுப்படியில் பாத்திரம் எதுவும் விழவில்லை. தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்புவதாக இல்லை. மருமகள் கட்டிலைப் பார்த்தாள். அவள் மடித்த நாலு விரல் மடிப்பு கொஞ்சமும் ஏறி இறங்காமல் அப்படியே இருந்தது.

"மேடம்," என்றாள். "அவரு தூங்கலை."

"முழிச்சுட்டாரா?"

"இல்லை. காலையில போயிட்டாரு."

"எங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் மேடம் புரிந்துகொண்டாள். நாற்காலி பின்னால் சாய, எழுந்து சுவரோடு ஒட்டி நின்றாள். அவரைப் பார்த்தாள், கோப்பைப் பார்த்தாள், மறுபடியும் அவரைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று மருமகள் காத்திருந்தாள். அவள் திட்டவில்லை. கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழ ஆரம்பித்துவிட்டாள்.

"போன வாரம்தானே… சாக்பீஸை எடுத்துக்கிட்டு… எனக்கே பாடம் எடுத்தாரு…"

அவ்வளவுதான். நாத்தனார் அடுப்படியிலிருந்து வெளியே பாய்ந்தாள். ஒரு மணி நேரமாக உள்ளே அடைத்து வைத்திருந்தது ஒரே மூச்சில் வெளியே வந்தது. "அப்பா!" என்று அவள் போட்ட சத்தத்தில் எதிர் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். யாருக்கு யார் ஆறுதல் சொல்வது என்று தெரியாமல் புருஷன் இருவருக்கும் பொதுவாக ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். மேடத்துக்கு முகம் துடைக்கத் துண்டு கொடுத்தது மருமகள்தான்.

கொஞ்சம் அடங்கியதும், "பொய் சொன்னது எங்க தப்பு," என்றாள் மருமகள். "ஒரு ஆளு குறைஞ்சுபோச்சு. வீடு கிடைக்காதுன்னா கிடைக்காது. நீங்க எழுத வேண்டியதை எழுதிக்கங்க."

மேடம் மூக்கைத் துடைத்தாள். "பதினோராம் பக்கம்," என்றாள்.

"என்னது?"

"விதிப் புத்தகத்துல பதினோராம் பக்கம். விண்ணப்பம் கொடுத்த அன்னிக்கு எத்தனை பேரோ, அதுதான் கடைசிவரைக்கும். நடுவுல ஒருத்தர் தவறிட்டா வீடு மாறாது. இதை இந்தக் குரூப்புல யாருமே படிச்சதில்லை. ஐயாதான் ஆறாவது வகுப்புல கேட்டாரு. 'நடுவுல ஒரு பெருசு மண்டையைப் போட்டா என்ன பண்ணுவீங்க? எனக்காக இல்லை, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்காகக் கேக்கறேன்'னாரு. நான் படிச்சுக் காட்டினேன். காது சரியா கேக்கலைன்னு இன்னொரு தடவை படிக்கச் சொன்னாரு."

"அவருக்குக் காது நல்லா கேக்குமே," என்றான் புருஷன். முட்டிக்கு அப்புறம் அவன் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. பிறகு எழுந்து போய், சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

வண்டி வந்தது. ஸ்ட்ரெச்சர் இரண்டாவது மாடித் திருப்பத்தில் திரும்பாது என்று வந்த இரண்டு ஆட்களும் படியைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார்கள். நாற்காலியில் உட்காரவைத்துத்தான் இறக்க வேண்டும். முப்பத்தொரு வருஷம் ஊரையெல்லாம் ஏற்றி இறக்கியவர், மூன்று மாடியும் நாலு பேர் கையில், ஒவ்வொரு திருப்பத்திலும் "இந்தப் பக்கம், இந்தப் பக்கம்," "கொஞ்சம் தூக்கு," "என் கால், என் கால்" என்ற சத்தங்களுக்கு நடுவே, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு இறங்கினார். மேடம் முன்னால் போய் வழியில் கிடந்த செருப்புகளை ஓரம் தள்ளினாள்.

கீழே வீட்டுக்காரர் கதவைத் திறந்து நின்றார். "சுவத்துல இடிக்காம… போன வருஷம்தான் பெயிண்ட் அடிச்சேன்" என்று ஆரம்பித்தார்.

"அண்ணே," என்றாள் நாத்தனார். "ஒரு கை பிடிங்க."

அவர் வாயை மூடிக்கொண்டு நாற்காலியின் ஒரு காலைப் பிடித்தார்.

வண்டியில் பின்னால் மாமனாரோடு புருஷனும் நாத்தனாரும் ஏறிக்கொண்டார்கள். மருமகள் முன்னால், டிரைவருக்குப் பக்கத்தில். மயானத்துக்குப் போகும் பெரிய சாலையில் குழாய்க்குப் பள்ளம் தோண்டியிருந்ததால் டிரைவர் உள் தெருக்கள் வழியாகத் திருப்பினான். இரண்டு வளைவு தாண்டியதும், ஒரு லாரி குறுக்கே நின்று மணல் கொட்டிக்கொண்டிருந்தது. வண்டி நின்றது. மருமகள் நிமிர்ந்து பார்த்தாள். அறக்கட்டளை கட்டுகிற ஒரே மாதிரியான சின்னச் சின்ன வீடுகள் வரிசையாக நின்றன. அவர்களுக்கென்று ஒதுக்கிய நாலாவது வீட்டு முகப்பில் ஏணி போட்டு ஒரு பெயிண்டர் வேலை செய்துகொண்டிருந்தார்.

முன்பக்கத்திலிருந்து பார்க்க அது சாதாரண வெள்ளை வேன்தான். பெயிண்டர் அவளை அடையாளம் கண்டு, ஏணியிலிருந்தே குரல் கொடுத்தார்.

"அக்கா, நல்ல வேளை வந்தீங்க! அடுப்படிக்கு மஞ்சள் வேண்டாம், வேற கலர் யோசிச்சுட்டு வந்து சொல்றேன்னு போனாரு பெரியவர். ரெண்டு நாளா டப்பாவைத் திறக்காம வச்சிருக்கேன். அவரு வரலையா?"

லாரிக்காரன் பின்கதவைத் தட்டித் தட்டிக் கடைசி மணலையும் இறக்கிக்கொண்டிருந்தான்.

"வந்திருக்காரு," என்றாள் மருமகள்.

பெயிண்டர் பிரஷை டப்பாவின் மேல் குறுக்கே வைத்தார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏணியிலிருந்து இறங்கி வந்தார்.