ஓரத்தில் விழுந்த ஓட்டை

நாராயணவனத்துக்குப் பக்கத்தில், தன் கொல்லையில் வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்த கோவர்த்தனனைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. புத்தூர் ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்தை ஏற்றிவிட்டு, ரத்தம் உறையவில்லை, திருப்பதிக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்றார்கள். ஆம்புலன்ஸ் ஒரு பிரசவ கேஸோடு அப்போதுதான் கிளம்பியிருந்தது. அது திரும்பி வரும்வரை காத்திருக்க அவன் மனைவி தேவயானிக்கு நெஞ்சு தாங்கவில்லை. தங்கள் பழைய காரின் பின்சீட்டில் அவனைப் படுக்கவைத்து, தலையை மடியில் தாங்கிக்கொள்ளக் கொழுந்தன் யஸ்வந்த்தை உட்காரச் சொல்லிவிட்டு அவளே ஓட்டினாள். கோவர்த்தனனுக்கு டிராக்டர்தான் வரும். வீட்டில் கார் எப்போதும் அவள் கையில்தான்.

வடமாலப்பேட்டை தாண்டியதும் ஸ்டியரிங் இடப்பக்கமாக இழுத்தது. அடுத்த நிமிஷம் தடதடவென்று சத்தம். ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தால் முன்சக்கரம் தரையோடு படிந்து கிடந்தது. ஸ்டெப்னியை எடுத்தார்கள், அதிலும் காற்று இல்லை. போகிற வண்டிகளைக் கைகாட்டி நிறுத்தப் பார்த்தாள். லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு விலகிப் போயின.

டிக்கியில் பஞ்சர் கிட் ஒன்று கிடந்தது. யஸ்வந்த் குறட்டால் டயரிலிருந்து ஓர் இரும்புத் துண்டைப் பிடுங்கினான். துளையில் ஊசியை விட்டுக் குடைந்து, பசை தடவிய ரப்பர் திரியைத் திணித்தான். சின்ன பம்பைக் காரோடு இணைத்துக் காற்றடித்தான். சக்கரம் மெல்ல எழுந்து நின்றது.

தேவயானி குனிந்து பார்த்தாள். ஓட்டை தரையில் படும் தடித்த பாகத்தில் இல்லை. பக்கவாட்டுக்கு மடங்குகிற ஓரத்தில் இருந்தது. கிட் பெட்டியின் மேல் ஒரு டயர் படம் போட்டு, சரியாக அந்த இடத்தில்தான் சிவப்பில் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். அங்கே திரி போட்டால் நிற்காது என்று அர்த்தம்.

"காத்து நிக்குதில்ல அண்ணி? இன்னாத்துக்குப் பாத்துக்கினு நிக்கற? எண்பதுல அழுத்து, போயிடலாம்" என்றான் யஸ்வந்த்.

பின்சீட்டில் கோவர்த்தனன் முனகினான். வீக்கம் முழங்காலைத் தாண்டியிருந்தது. உதட்டைத் துடைத்த துண்டில் ரத்தம். ஈறிலிருந்து கசிகிறது என்று தேவயானிக்குப் புரிந்தது. வேகமாகப் போனால் டயர் எந்த நொடியும் வெடிக்கும். மெதுவாகப் போனால் இவன் தாங்குவானா? எந்தப் பக்கம் திரும்பினாலும் சாவு நிற்பதுபோல் இருந்தது.

அவள் வண்டியை எடுத்தாள். நாற்பதுக்கு மேல் முள்ளை ஏற விடவில்லை. நூற்றெட்டுக்குப் போன் போடச் சொல்லி, ஸ்பீக்கரில் தானே தெலுங்கில் பேசினாள். ரேணிகுண்டா பக்கமிருந்து ஒரு ஆம்புலன்ஸை எதிரே அனுப்பச் சொன்னாள். தாங்களும் அதை நோக்கி வந்துகொண்டிருப்பதாகச் சொன்னாள். சரி என்றார்கள்.

"இப்டி ஊர்ந்துக்கினு போனா அண்ணன் செத்துப்பூடுவான், அண்ணி." யஸ்வந்தின் குரல் உடைந்தது.

"டயர் வெடிச்சா மூணு பேரும் பூடுவோம். நீ அவரப் பேச வச்சிக்கினே வா."

ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் மூச்சை அடக்கினாள். பின்னால் வந்த பஸ் ஒன்று ஹாரனை விடாமல் அடித்து, உரசுகிறாற்போல் ஒதுங்கிப் போனது. இடப்பக்கத்திலிருந்து சீறல் கேட்கிறதா என்று காதைத் தீட்டினால், தன் நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது. கோவர்த்தனன் தம்பிக்குப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டான். "மாமா" என்று கூப்பிட்டாள். பதிலில்லை. கால் தன்னையறியாமல் ஆக்ஸிலரேட்டரை அழுத்த, ஸ்டியரிங் நடுங்கியது. பல்லைக் கடித்துக் காலைத் தூக்கினாள்.

எதிரே சைரன் கேட்டதும் அவள் வண்டியை ஓரங்கட்டினாள். சாலையோரத்திலேயே அவனை ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். கூட ஒருவர்தான் வரலாம் என்றதும் அவள் தாவி ஏறினாள். கதவு மூடுமுன், காரை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோவில் வா என்று யஸ்வந்த்திடம் சொன்னாள். அவன் தலையாட்டினான்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் மேலும் மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது, தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. பேசியவர் வழிப்போக்கர். ஆட்டோ கிடைக்காமல், அண்ணனை நினைத்துப் பதறி, யஸ்வந்த் காரையே வேகமாக ஓட்டி வந்திருக்கிறான். திரி பிய்த்துக்கொண்டு டயர் கிழிந்து, கார் சாலை நடுவிலிருந்த தடுப்புச் சுவரில் மோதிச் சுழன்றிருக்கிறது. உயிருக்கு ஆபத்தில்லை, தோள் எலும்பு முறிந்திருக்கிறது, இதே ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டி வருகிறோம் என்றார். காரின் பின்பக்கம் அப்பளமாக நொறுங்கிவிட்டது என்றும் சொன்னார். தேவயானி வராந்தாத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கோவர்த்தனன் படுத்திருந்தது அந்தப் பின்சீட்டில்தான்.

மறுநாள் ரத்தம் உறையத் தொடங்கியது. விஷத்தில் பழுதான சிறுநீரகம் தேறக் கொஞ்ச காலம் பிடித்தது. தோளில் கட்டோடு பக்கத்து வார்டிலிருந்து தினமும் வந்து நின்ற யஸ்வந்த்தை அவள் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. ஒருநாள் அவனாகவே, "அந்தத் திரி நிக்கும்னுதான் அண்ணி நெனச்சேன்" என்றான். அவள் சாப்பாட்டுத் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

மூவரும் புத்தூர் பஸ்ஸில்தான் ஊர் திரும்பினார்கள். டிரைவர் சடாரென்று பிரேக் போட்டபோது தேவயானி கணவனின் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். வடமாலப்பேட்டை வந்து போன பிறகும் அந்தப் பிடி தளரவில்லை.